செப்டெம்பருக்கு விட்ட இடைவெளி

அன்று மாலை கோயில் முன்றலில் இருந்தவர்கள்: புளியங்குளத்திலிருந்து வந்திருந்த கீபோட்காரர், அவரோடு எப்போதும் வந்து மின்பலகையில் தாளம் தட்டுகிற ஒக்டபாட்காரர், மைக் செற்காரர், கோயில் நிர்வாக சபைத் தலைவர், முன்வரிசையில் வெற்றிலைப் பையோடு என் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் ஊர்ச் சனம். இல்லாதவர்கள் மூன்று பேர். ஒருவர் என் அப்பா. அன்று எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. அடுத்தவர், கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்த பெரியவர். மூன்றாவது, என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்து இப்போது கனடாவில் இருப்பவன். நான் வாசிக்கப்போவது என்னவென்று சொல்லாமலே விளங்கக்கூடியவன் அவன் ஒருவன்தான்.

நான் மேடையில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில், மடிக்கணினிக்கு முன்னால் இருந்தேன்.

வாசிக்கப்போனது வட துருவக் கடலின் பனி. எழுபதுகளின் கடைசியிலிருந்து செய்மதிகள் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு மாதமும் எவ்வளவு கடல் உறைந்திருந்தது என்ற கணக்கு, யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் கிடக்கிறது. என் தாத்தா மலையகத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு தகரப் பெட்டிகளோடு லொறியில் வந்து வன்னியில் இறங்கியதும் ஏறக்குறைய அதே காலம்தான். இந்தப் பொருத்தத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஆனாலும் கணக்கின் முதல் வரியைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு அந்த லொறிதான் நினைவுக்கு வரும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் மட்டும். அதற்குப் பிறகு விஞ்ஞானப் பட்டமும் வந்தது. அரச நியமனம் வரும் வரும் என்று இருக்கிறது. அதுவரை கிளிநொச்சியில் ரியூசன் கொடுக்கிறேன். கடைசி வருட ஆய்வுக்கு இந்தப் பனிக் கணக்கைத்தான் எடுத்தேன். ஆய்வு முடிந்து, மதிப்பெண்ணும் வந்து, அதைப் பற்றிக் கதைக்க ஆளில்லாமல் போன பிறகும் என்னால் அதை விட முடியவில்லை. வரைபுகளை யாரிடமாவது காட்டினால், "இஞ்ச மழை எப்ப பெய்யும் எண்டு சொல்லுமோ?" என்று கேட்பார்கள். சொல்லாது என்றால் கைபேசியைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அவர்களில் பிழையில்லை. அப்போதுதான், பார்க்காதவர்கள் கேட்கவாவது மாட்டார்களா என்று நினைத்தேன்.

கணக்கை இசையாக்கத் தொடங்கி, ஒரு வருடத்தைத் தாளத்தின் ஒரு சுற்றாக வைத்தேன். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு அடி. மார்ச்சில் பனி அதிகம், சுரம் உச்சியில் நிற்கும். செப்டெம்பரில் பனி குறைவு, சுரம் இறங்கும். ஒரு கோடு போட்டேன். பனி அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் அந்த அடியில் ஒன்றும் வாசிக்கக் கூடாது. முதல் வருடங்களில் இடைவெளியே இல்லை. பிறகு செப்டெம்பரில் ஒரு சின்ன வெற்றிடம் விழும். வரவர அது ஓகஸ்டைத் தின்னும், ஒக்டோபரைத் தொடும். எல்லாவற்றுக்கும் கடைசியில், இனி வரப்போகிற, பனியே இல்லாத ஒரு செப்டெம்பருக்காக ஒரு முழு நிமிடத்தை வெறுமையாக விட்டேன்.

நான் துருவத்துப் பனியைத் தொட்டதில்லை. எனக்குத் தெரிந்த பனிக்கட்டி, இரணைமடுக் குளத்து மீன் வாங்க வருகிற வியாபாரியின் வெள்ளை நுரை ரெஜிபோம் பெட்டிக்குள் இருந்தது. அவரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்து, வாளித் தண்ணீருக்குள் போட்டு, அது படபடவென்று வெடிக்கிற சத்தத்தைக் கைபேசியில் பிடித்தேன். அதற்காக மின்விசிறியை நிறுத்தி, யன்னலைச் சாத்தி, வியர்வை ஒழுக உட்கார்ந்திருந்தேன். துருவத்தை வன்னி வெயிலில் இப்படித்தான் செய்ய வேண்டியிருந்தது.

அறைக்குள் தனியே இருந்து அடிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். அம்மா குசினியிலிருந்து கேட்பார்.

"என்னா தம்பி, யாருகூட பேசிக்கிட்டு இருக்க?"

"யாருகூடவும் இல்லம்மா. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"எண்ணுறதுக்கு என்னா இருக்கு நம்மகிட்ட?"

வீட்டில் எங்களுக்கு இன்னும் மலையகப் பேச்சுத்தான். படலையைத் தாண்டினால் என் வாய் தானாக வன்னிப் பேச்சுக்கு மாறிவிடும். அம்மாவுக்கு அது சிரிப்பு. அப்பா மட்டும் எங்கு போனாலும் ஒரே பேச்சுத்தான் பேசுவார்.

கீபோட்காரரைத் தேடிப் பிடித்தது ஒரு கலியாண வீட்டில். புளியங்குளத்தில் அவருடைய வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் எடுத்து அங்கே போவேன். ஒக்டபாட்காரரும் வந்து சேருவார். முதல் நாளே, இடைவெளிகளைக் கண்டதும் அவர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"தம்பி, பனி உருக உருக எனக்கு வேலை குறையுதே. காசும் குறையுமோ?"

"இல்லை அண்ணை, ஒரே காசுதான்."

"அப்ப நல்லா உருகட்டும்."

கீபோட்காரர் அவ்வளவு லேசில் விடவில்லை. அவர் மரியாதையாகத்தான் சொன்னார்.

"இவ்வளவு நேரம் சும்மா நிக்கேலாது தம்பி. ஒரு சுருதியையாவது அடியில ஓட விடுவம். சனம் அடங்கியிருக்கும்."

"அதுதான் அண்ணை விசயமே. ஒண்டும் இருக்கக் கூடாது."

"கலியாண வீட்டில பொம்பிளை கூறைச் சேலை மாத்தப் போற நேரத்துக்கும் நாங்கள் வாசிக்கிறனாங்கள். நீர் பனி மாத்துற நேரத்துக்கு நிப்பாட்டச் சொல்லுறீர்."

ஆனாலும் வாசித்தார். நன்றாகவே வாசித்தார். தகரக் கொட்டகைக்குள் அந்தக் கடைசி நிமிடத்தை மூன்று பேரும் அசையாமல் இருந்து கடந்தபோது, வெளியே ஏ-ஒன்பது வீதியில் வாகனங்கள் இரைந்துகொண்டு போயின. முடிந்ததும் கீபோட்காரர் எழுந்து போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது, இதை அப்பா கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்பா என்னைப் பற்றி யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. "படிச்சவன், ஏதோ செய்வான்" என்பார். அந்த 'ஏதோ' என்னவென்று ஒருநாள் அவர் காதால் கேட்டுவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

திருவிழாவில் இசை நிகழ்ச்சிக்கு முன்னால் எங்களுக்குக் கொஞ்ச நேரம் தருவதாகத் தலைவர் ஒத்துக்கொண்டார். திகதி முடிவான பிறகுதான் அப்பா தன் தண்ணீர் முறையும் அதே மாலைதான் என்றார். கோயிலுக்கு அடுத்த வெளியில் ஒரு குத்தகைக் காணி. சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் மட்டாகத்தான் இருந்தது. நெல் கதிர் தள்ளப்போகிற பருவம். முறையைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை வயல் தாங்காது.

"வயல்லயே கேக்கும்ப்பா" என்றார் அப்பா. "வாய்க்கா வரைக்கும் ஸ்பீக்கர் கட்டியிருக்கானே."

உண்மைதான். மைக் செற்காரர் கோயிலிலிருந்து வாய்க்கால் மதகு வரை, பனையிலும் மின்கம்பத்திலுமாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். திருவிழா தொடங்கியதிலிருந்து அவை ஓய்ந்ததில்லை. நான் அவரிடம் போய் இடைவெளிகளைப் பற்றி முன்கூட்டியே சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"திருவிழாவுக்குள்ள என்ர செற் நிண்டதெண்டால், ஒண்டில் ஜெனரேற்றர் பழுது. இல்லாட்டி..."

யாரோ வயரைப் பற்றிக் கூப்பிட, அவர் சொல்லி முடிக்காமல் போய்விட்டார். நானும் கேட்கவில்லை. ஜெனரேற்றரைத்தான் நினைத்துக்கொண்டேன்.

மேடையில் விளக்கம் சொல்வதற்கு ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். செய்மதி, கடல், மார்ச், செப்டெம்பர், கடைசி நிமிடம் எல்லாம் அதில் இருந்தன. இரண்டாவது வசனத்திலேயே தலைவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, விளக்கத்தைப் பிறகு பாப்பம். முதல்ல வாசியுங்கோ. பாட்டுக்காரர் காத்துக்கொண்டு நிக்கினம்." மைக்கைத் தன் பக்கம் திருப்பி, "எங்கட ஊர்ப் பட்டதாரி, பனி சம்பந்தமா ஒரு இசை தாறார்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

தொடங்கினோம். முதல் வருடங்கள் சனத்துக்குப் பிடித்திருந்தன. சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்குகிற சுரம், ஊஞ்சல் மாதிரி. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் மேடைக்கு முன்னால் ஆடவும் தொடங்கினார்கள். மடிக்கணினியிலிருந்து மீன் பெட்டிப் பனி வெடிக்கிற சத்தம் குழாய் ஸ்பீக்கர் வழியே வயல்வெளிக்குப் போனது. அப்பா இப்போது மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று கேட்பார் என்று நினைத்தேன். முதல் இடைவெளிகள் விழுந்தபோது யாரும் கவனிக்கவில்லை. பிறகு நீண்டன. பிள்ளைகள் ஆடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். கீபோட்காரரின் விரல்கள் கட்டைகளுக்கு மேலே தொங்கிக்கொண்டு நின்றன. அவர் ஒரு தரமும் ஏமாற்றவில்லை.

கடைசி நிமிடம் வந்தது. நான் கையை உயர்த்தினேன். நான் கையை இறக்கும்வரை ஒருவரும் எதையும் தொடக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

முதலில் இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். அது அடங்கியது. கோயிலில், தெருவில், மதகடியில், எல்லாக் குழாய்களும் ஒன்றாக ஓய்ந்து போயிருந்தன. அத்தனை நாள் சத்தத்துக்குப் பிறகு வந்த அந்த அமைதி நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். ஒரு குரல் மெல்லக் கேட்டது.

"ஆர்?"

"பெரியவராத்தான் இருக்கும்."

"ஆர் சொன்னது?"

"செற்றை நிப்பாட்டிப் போட்டாங்களே, பிறகென்ன சொல்லிறது."

எங்கள் ஊரில் எல்லைக்குள் ஒரு உயிர் போனால், உடல் எடுக்கும்வரை கோயிலில் பூசை இல்லை. திருவிழா நின்றுவிடும், ஸ்பீக்கர் நின்றுவிடும். யாரும் அறிவிப்பதற்கு முன்னால் அந்த அமைதிதான் ஊருக்குச் செய்தி. இதைத் தெரியாதவன் இல்லை நான். பிறந்து வளர்ந்ததே இந்த ஊரில்தான். ஒரு மாதம் முழுக்க அந்த நிமிடத்தை எண்ணி எண்ணிப் பழகியபோது ஒரு தரம்கூட அது நினைவுக்கு வரவில்லை. என் தலைக்குள் வட துருவம் மட்டுமே இருந்தது.

சனம் வரிசை வரிசையாக எழுந்து ஒழுங்கைப் பக்கம் போகத் தொடங்கியது. கீபோட்காரர் என்னைப் பார்த்தார். என் கை இன்னும் மேலேதான் இருந்தது. அப்போது தெருவில் ஒரு சைக்கிள் போனது. முழங்கால் வரை சேறு. பின் கரியரில், வயலுக்குப் போகும்போதும் எடுத்துச் செல்கிற, சேலைத் துண்டால் கட்டிய கோடாலி. அப்பா மேடைப் பக்கம் திரும்பவில்லை. வேகமாக மிதித்துக்கொண்டு பெரியவர் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பினார்.

கோடாலி எதற்கென்று எனக்குத் தெரியும். ஊரில் சாவு விழுந்தால் விறகு தறிக்கவும் பந்தல் போடவும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவது எங்கள் வீட்டைத்தான். தாத்தா காலத்திலிருந்து அப்படி.

நான் கையை இறக்கினேன். நிமிடம் முடிந்திருக்கவில்லை.

அதற்குள் மைக் செற்காரர் ஓடிவந்து ஒரு பக்திப் பாட்டைப் போட்டுவிட்டார். தலைவர் மைக்கைப் பிடித்து, "ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை, எல்லாரும் வந்து இருங்கோ, இது தம்பியின்ர நிகழ்ச்சியில வாற இடைவெளி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாதிச் சனம் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தது. மீதிப் பாதி அதற்கு முன்னமே பெரியவர் வீட்டு முற்றத்தை நிறைத்துவிட்டிருந்தது.

அங்கே நடந்ததை அம்மா பிறகு கேள்விப்பட்டு வந்து சொன்னார். பெரியவர் தலையணையில் சாய்ந்து பிளேன் ரீ குடித்துக்கொண்டிருந்தாராம். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "என்னடாப்பா, எல்லாரும் சேந்து வாறியள்? பாட்டுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாராம். பெண்கள் சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்களாம். பிறகு பெரியவர், இவ்வளவு பேர் வந்ததுக்குத் தன்னை முற்றத்தில் கொண்டுபோய் விட்டால் இசை நிகழ்ச்சியைக் கேட்கலாமே என்றிருக்கிறார். கட்டிலைத் தூக்க ஆள் தேடியபோது, ஒரு மூலையில் கோடாலியோடு அப்பா நின்றிருக்கிறார்.

கட்டில் வாசலால் வரவில்லை. கால்களைக் கழற்ற வேண்டியிருந்தது. முற்றத்தில் வைத்த பிறகு மறைத்துக்கொண்டிருந்த முருங்கைக் கொப்பையும் வெட்டச் சொன்னார்கள். "வந்தனீ வந்தாய், இதையும் ஒருக்காப் பார்" என்று. அப்பா பார்த்தார். நான் மேடையை விட்டு இறங்கித் தேடிப் போன நேரம் அவர் ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சைக்கிளை நிறுத்தாமலே சொன்னார்.

"தண்ணிய தொறந்துபோட்டு வந்துட்டேன்."

நானும் பின்னால் ஓடினேன். வயலில் வரம்பு ஓரிடத்தில் அறுத்துக்கொண்டு போயிருந்தது. எங்கள் தண்ணீர் முழுக்கக் கழிவு வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தது. முறை முடிந்து, அடுத்த காணிக்காரர் எங்கள் மடை வாயை அடைத்துத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பியிருந்தார். அது அவருடைய நேரம். அவர் எங்களைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

"நானும் செற் நிண்டதும் பெரியவர்தான் எண்டு நினைச்சன். முறையை முடிச்சுப்போட்டுப் போவம் எண்டு இருந்திட்டன்."

அப்பா சேற்றில் இறங்கி, கையால் மண் அள்ளி, அறுத்த இடத்தை அடைத்தார். தடுப்பதற்கு அங்கே தண்ணீர் இல்லை. நான் வரம்பில் நின்றேன். இசை நிகழ்ச்சி தொடங்கி, குழாய்களில் எல்லாம் பாட்டு வந்துகொண்டிருந்தது.

"கூப்பிட்டு அனுப்புவாங்கப்பா, அதுக்கப்புறம் போயிருக்கலாமே" என்றேன்.

"கூப்பிட்டு போறதவிட கூப்பிடாம போனா ஒரு மரியாத" என்றார். கோபமில்லை. தெரிந்த ஒன்றைச் சொல்லுவது போலத்தான் சொன்னார்.

வீட்டில் அம்மா சோறு போட்டார். "அழகாத்தான் இருந்திச்சி தம்பி. எங்கயாச்சும் ஒரு எடத்துல வாயத் தொறந்து பாடியிருக்கலாம்" என்றார்.

மைக் செற்றிலிருந்து நேரே எடுத்த ஒலிப்பதிவைக் கனடாவில் இருக்கும் நண்பனுக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்திருந்தது. "நல்லா இருக்கு மச்சான். கடைசியில சத்தம் வரேல்லை, ஃபைல் பழுது போல. திருப்பி அனுப்பு." நான் திருப்பி அனுப்பவில்லை. விளக்கி ஒரு செய்தி எழுதினேன். எழுதி முடித்துவிட்டு, அதையும் அனுப்பவில்லை.

அடுத்த முறைவரை வயல் தாங்காது என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. தண்ணீர்ப் பம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கழிவு வாய்க்காலில் தேங்கிக் கிடந்ததை மேலே இறைத்தோம். எங்கள் தண்ணீரையே நாங்கள் திரும்ப வாங்கினோம் என்று சொல்லலாம். இரண்டு நாள் ஓடியது. ரியூசனை நிறுத்திவிட்டு நானும் அப்பாவோடு இருந்தேன். பம் இரைகிற இடத்தில் கதைக்க முடியாது. மருத மரத்து நிழலில், ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் டீசல் முடிந்து பம் தானாக நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினோம். காதுக்குள் இரைச்சல் கொஞ்ச நேரம் மிச்சமிருந்தது, பிறகு அதுவும் போனது.

அப்பா டீசல் கானை எடுக்க எழும்பவில்லை.

"அந்தப் பனி எங்க இருக்குன்ன?"

"வடக்க. ரொம்பத் தூரம்."

"நிக்குற வரைக்கும் கேட்டேன்" என்றார். "மொதல்ல நல்லா போயிக்கிட்டு இருந்திச்சி. அப்புறம் நடுவுல நின்னு நின்னு போச்சி. நிக்குற நேரம் கூடிக்கிட்டே வந்திச்சி. என்னமோ சரியில்லன்னு மம்பட்டியக் கீழ வச்சிட்டேன். அப்புறம் நின்னே போச்சி."

மேடைக்கென்று நான் எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தில் இதற்கு மேல் எதுவும் இருக்கவில்லை. "ஆமாப்பா, அதான்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, டீசல் கானை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

பம் வாடகை, டீசல், வரம்பு கட்டப் பிடித்த ஒரு ஆளின் கூலி எல்லாம் சேர்த்து, பதினாலாயிரத்து அறுநூறு ரூபா.